காரைக்காலில் ‘கேக்குதுங்களா?’

வெளிநாடு போகிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். “காரைக்கால் எப்பங்க வெளிநாடாச்சு?” என்று மனைவி கேட்டாள். தமிழ்நாட்டுக்கு நடுவே இருந்துகொண்டு வேறொரு அரசாங்கத்துக்குக் கீழே இருக்கிற ஊர் வெளிநாடு இல்லாமல் வேறு என்ன என்று வாதாடிப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரனுக்கு எல்லை என்றால் பாலக்காட்டுப் பக்கம்தான். அங்கே மலை குறுக்கே நிற்கும், காற்று மாறும், மொழி மாறும். காரைக்காலுக்குள் நுழையும்போது எதுவுமே மாறவில்லை. அதே வயல், அதே வாய்க்கால், அதே எருமை. ஒரு வளைவு வந்தது. அதற்கப்புறம் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி வந்தது, அடுத்தடுத்து ஒயின் கடைகள் வந்தன. அதுவரை தூங்கி வழிந்த இரண்டு மூன்று பேர் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகங்களில் காணொலிக் கூட்டத்துக்கு வேண்டிய கேமரா, திரை, மைக் எல்லாவற்றையும் பொருத்தி ஓடவைத்துக் கொடுப்பவன். சுருக்கமாகச் சொன்னால், ஊர் ஊராகப் போய் ஒரு டிவியைப் பார்த்து ‘கேக்குதுங்களா?’ என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். தூக்கத்தில்கூட அப்படித்தான் கேட்பதாக வீட்டில் புகார் உண்டு.

பஸ்ஸில் கேமராப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் பட்டினச்சேரிக்கு மீன் எடுக்கப் போகிற அம்மாள் ஒருவர், காலி அலுமினியப் பாத்திரத்தோடு.

“என்னப்பா அது, டிவியா?”

“அது மாதிரிதானுங்க. இங்கிருந்து பேசினா பாண்டிச்சேரியில கேக்குமுங்க.”

“அதுக்குத்தான் போன் இருக்கே?”

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டி என் மடியிலிருந்து எழும்பி அவருடைய பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்தது. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிளம்பும் நாள் வரை அதில் மீன் வாடை போகவே இல்லை.

சாயங்காலம் ஊரைச் சுற்றக் கிளம்பியபோது ஒரு தள்ளுவண்டிக்காரர் என்னைப் பார்த்து, “வாடா வேணுமா?” என்றார். எனக்குச் சுர்ரென்றது. எங்கள் ஊரில் வீட்டு நாயைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவோம் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். நரைத்த தலையோடு நடுரோட்டில் நின்றுகொண்டு வாடா கேட்க நேர்ந்ததே என்று முறைத்தேன்.

“எறா வாடாங்க. சூடா இருக்கு, ஒண்ணு தின்னு பாருங்க சார்” என்று அவர் மரியாதையாகவே ஒன்றை எடுத்துக் காட்டினார். வடை மாதிரி தட்டி, மேலே ஒரு இறாலைப் படுக்கவைத்துப் பொரித்தது. அதன் பெயரே வாடாதான். முறைத்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மூன்று தின்றேன். முதல் நாளிலேயே ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டுக் கோபப்பட்டவன், அதோடு திருந்தியிருக்க வேண்டும்.

மறுநாள் வேலை தொடங்கியது. அரசு அலுவலகம் ஒன்றின் முதல் மாடி. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிற செல்வகணபதி கோவில்பத்திலிருந்து பைக்கில் வருகிறவர், என்னைவிட இளையவர், என்னைவிட நிதானமானவர். புதுச்சேரி அரசுக்குத் தலை ஓரிடம், கைகால் வேறு வேறு இடம். காரைக்கால் இங்கே, மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். எல்லா ஊர் அலுவலகங்களையும் சேர்த்து ஒரே தரவுப் பாதை ஓடுகிறது. சம்பளப் பட்டியல், ரேஷன், பத்திரப் பதிவு, சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான் போய் வருகின்றன. இனிமேல் காணொலிக் கூட்டமும் அதே பாதையில்தான் ஓட வேண்டும், தனிப் பாதை கிடையாது என்பது உத்தரவு.

“நாம கடைமடை சார்” என்றார் செல்வகணபதி. “காவிரித் தண்ணியும் மேல உள்ளவங்க பாய்ச்சுனது போவத்தான் இங்க வரும். நெட்டும் அப்படித்தான். காலையில ஆபீஸ் தொறந்தா எல்லாம் அவங்கவங்க மடையத் தொறந்துடுவாங்க. நமக்குச் சொட்டு சொட்டாத்தான் வரும்.”

ஒரே வாய்க்காலில் பல வயல் என்றால் யாருக்கு முதலில் தண்ணீர் என்று முறை வைத்துக்கொள்வார்கள் அல்லவா? என் தொழிலிலும் அதே கதைதான். பாதை நெருக்கடியாகும்போது எதை முதலில் அனுப்புவது, எதைக் காக்கவைப்பது என்று கருவியில் வரிசை போட்டுவைக்க வேண்டும். நான் எங்கே போனாலும் போடுகிற வரிசை ஒன்றுதான். முதலில் குரல், பிறகு படம்.

“படம் நின்னாப் பரவாயில்லீங்க, பேச்சு நிக்கக் கூடாது” என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். “மூஞ்சியைப் பாத்து யாருங்க என்ன பண்ணப் போறாங்க? குரல்தானுங்க உசுரு.”

“அதுவும் சரிதான் சார். எங்க ஆபீசர் மூஞ்சிய நேர்லயே யாரும் பாக்குறதில்ல.”

மத்தியானம் அவர் கூட்டிக்கொண்டுபோன கடையில் சங்கரா மீன் குழம்பு. எங்கள் ஊருக்கு வந்து சேர்கிற மீன் என்னைவிட அதிகம் பயணம் செய்திருக்கும், ஐஸிலேயே பாதி ஆயுள் கழித்திருக்கும். இங்கே காலையில் கடலில் இருந்தது மத்தியானம் என் இலையில் கிடந்தது. குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தெம்பில் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பொருத்தி முடித்துவிட்டேன். புதுச்சேரியில் எங்கள் ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். “கேக்குதுங்களா?” என்றேன். “சூப்பரா கேக்குது” என்றான். வேலை முடிந்தது என்று திரையைத் தட்டிக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அறை வாசலில் ஒரு தகப்பனாரும் மகளும் வந்து நின்றார்கள். தகப்பனார் பெயர் கலியமூர்த்தி, வரிச்சிக்குடியில் விவசாயம். மகள் அன்பரசி, முப்பதைத் தாண்டியவர், ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார்.

“சார், நாளைக்கு இன்டர்வியூ இந்த ரூம்லதான்னு கடுதாசி வந்துருக்குங்க. பாப்பா எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்னுச்சு. அதான் கூட்டியாந்தேன்” என்றார் கலியமூர்த்தி. அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. தேர்வுக் குழு புதுச்சேரியில் இருக்கும். இதுவரை காரைக்காலில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் அங்கேயே போய் வர வேண்டியிருந்தது. இந்தத் தடவைதான் இங்கிருந்தே காணொலியில் கலந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியம் என் கருவியைச் சேரும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

“பாப்பாவுக்குக் காது கேக்காதுங்க, பேச்சும் வராது. கையாலதான் பேசும். அந்தக் கைப்பேச்சு தெரிஞ்ச மேடம் ஒருத்தவங்க பாண்டிச்சேரியில குழுவோட உக்காந்துருப்பாங்களாம். இவ்வளவு நாளும் அது எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கு சார். வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுதுங்க. இது சரியா வருங்களா?”

“கவலையே வேண்டாமுங்க” என்றேன் நான். “சத்தம் கணீர்னு இருக்கும். பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரியே கேக்குமுங்க.”

இதைச் சொன்னது நான்தான். காது கேளாத பெண்ணின் நேர்முகத் தேர்வு சரியாக நடக்குமா என்று கேட்ட தகப்பனாரிடம் சொன்னேன். கலியமூர்த்தி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு “சரிங்க சார்” என்று தலையாட்டினார். படித்தவன் சொல்கிறான், ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். இதை எழுதும்போதே காது மடல் சூடாகிறது.

அத்தோடு நிறுத்தினேனா? புதுச்சேரிக்குப் போன எங்கள் படமே அங்கிருந்து திரும்பி வந்து திரையின் ஒரு பாதியில் தெரியும்படி வைத்திருந்தேன், சோதனைக்காக. அன்பரசி கேமரா முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் ஆட்டினார். தலையை அசைத்தார். திரையைச் சுட்டிக் காட்டி, கைகளை அந்தரத்தில் அப்படியே நிறுத்தி, பிறகு வெடுக்கென்று வேறு பக்கம் நகர்த்திக் காட்டினார். என்னைப் பார்த்து அதையே இரண்டாம் தரம் செய்தார்.

டிவியில் தன்னைப் பார்த்த குஷி என்று நான் நினைத்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். “பாப்பாவுக்குச் சந்தோசத்தைப் பாருங்க!” என்று கலியமூர்த்தியிடம் வேறு சொன்னேன். அன்பரசி தன் போனை எடுத்து ஏதோ தட்ட ஆரம்பித்தார். அதற்குள் திரையில் எங்கள் ஆள், “அண்ணா, கேக்குதா?” என்றான். அன்பரசியிடம் உள்ளங்கையைக் காட்டி ‘ஒரு நிமிஷம்’ என்று நிறுத்திவிட்டு, அவனிடம் “கேக்குதுப்பா, கேக்குது” என்று பேசப் போனேன். பேசி முடித்துத் திரும்பியபோது அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அவர் என்ன தட்டினார் என்று பக்கத்தில் நின்ற செல்வகணபதியிடமாவது விசாரித்திருக்கலாம். பசி நேரம், விசாரிக்கவில்லை.

நாலாம் நாள் நேர்முகத் தேர்வு. வெளியே நல்ல வெயில், கீழ்த்தளத்தில் நல்ல கூட்டம். பள்ளிக்கூடச் சேர்க்கை நேரம், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வரிசை வாசல் தாண்டி நின்றது. மேலே என் அறையில் முதலில் வந்த மூன்று பேரும் பேசக்கூடியவர்கள். மணி அடித்த மாதிரி நடந்தது. படம் அவ்வப்போது நின்றது, யாரும் கவலைப்படவில்லை. குழுத் தலைவர் முகம் தெரியாமலே அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அன்பரசி வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, வாரிப் பின்னிய தலை, மேசையின் மேல் இரண்டு கைகள். கலியமூர்த்தி கதவோரம் நின்றார். திரையில் குழுவும், ஓரத்தில் கண்ணாடி அணிந்த சைகை மொழிபெயர்ப்பாளர் அம்மையாரும்.

“கேட்குதா?” என்றார் தலைவர்.

“நல்லா கேக்குதுங்க ஐயா!” என்றேன் நான்.

முதல் கேள்வி வந்தது. குரல் அவ்வளவு தெளிவு, அவர் தாளைப் புரட்டுகிற சத்தம்கூட விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் அம்மையார் கைகளைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வேறு எங்கோ இருந்தது. நடுவில் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. அன்பரசி முன்னால் சாய்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பித் திரையைச் சுட்டினார். நான் உள்ளங்கையைக் காட்டினேன், பொறுங்கள், வந்துவிடும் என்று.

ஏன் பொறுக்கச் சொன்னேன்? பேச்சு வந்துகொண்டிருந்தது. பேச்சு வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று இத்தனை வருஷமாக என் காது எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது கேள்வி. அன்பரசி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார், கிட்டப் போனால் அந்தக் கைகள் அசையுமோ என்று. “ஏன் எழுந்து போறாங்க?” என்றது தலைவரின் குரல். கலியமூர்த்தியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கதவோரமிருந்தே, “அய்யா, அது நல்லா படிக்குங்கய்யா! லேப்ல ஆறு வருசமா வேலை பாக்குதுங்கய்யா!” என்றார். அவருடைய குரல் ஒரு எழுத்து விடாமல் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

“யார் அது? வேற யாரும் பேசக் கூடாது.”

மூன்றாவது கேள்வியும் கேட்டாகிவிட்டது. அப்புறம்தான் மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்தது. “சார், எனக்கு அவங்க கை தெரியலை. படம் நின்னு நின்னு போகுது. நான் சொல்றதும் அவங்களுக்குப் போய்ச் சேரலைன்னு நினைக்கிறேன்.”

“குரல் தெளிவா வருதே?” என்றார் தலைவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் அன்பரசி கையை அந்தரத்தில் நிறுத்திக் காட்டியது குஷியில் இல்லை. அவர் எனக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார், இரண்டு தரம். நான் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறேன்.

“ஐயா, மன்னிச்சுக்கோங்க, லைன்ல ஏதோ பிரச்சினைங்க. ஒரு பத்து நிமிஷம் கொடுத்தீங்கன்னா சரி பண்ணிடறேனுங்க” என்றேன். லைன் என்றுதான் சொன்னேன். லைன் பாவம், எதிர்த்துப் பேசாது.

தலைவர் இரக்கமில்லாதவர் அல்ல. அடுத்தவரை முடித்துவிட்டு இவரை மறுபடி கூப்பிடலாம் என்றார். “ஆனா கேட்ட மூணு கேள்வியத் திரும்பக் கேட்க முடியாது. பதில் இல்லைன்னு பதிவாயிடுச்சு. திரும்பக் கேட்டா மத்தவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. மீதி ரெண்டும் கேட்கலாம்.”

அடுத்த ஆள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வரிசையை மாற்றி எழுதினேன். படம் முதலில், குரல் கடைசியில். அதுவும் போதாது என்று தெரிந்தது. கீழ்த்தளத்தில் சான்றிதழ்கள் ஏறிக்கொண்டிருக்கும் வரை மேலே சொட்டுத்தான் வரும். அன்பரசி உட்கார்ந்ததும் ஒலியை அடியோடு அணைத்துவிடுவது, கீழே கவுன்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்வது என்று நானும் செல்வகணபதியும் முடிவு செய்தோம். வரிசையில் நிற்பவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. செல்வகணபதியை அனுப்பினேன். மாடிப்படியில் கீழேயிருந்து ஒரு பெண் குரல் ஏறி வந்தது.

“யாருப்பா அது, எங்க எல்லாத்தையும் வெயில்ல நிக்க வச்சுட்டு மேல டிவி பாக்குறது?”

செல்வகணபதி என்ன சமாதானம் சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்து, “நிறுத்தியாச்சு சார்” என்று மட்டும் சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அன்பரசி மறுபடி வந்து உட்கார்ந்தார். ஒலியை அணைத்தேன். என் வாழ்நாளில் ஓடுகிற கூட்டத்தில் நானாக ஒலியை அணைத்தது அதுவே முதல் தடவை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. திரையில் அந்த அம்மையாரின் கைகள் வழுக்கிக்கொண்டு போயின, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அன்பரசி பதில் சொன்னார். விரல்கள், புருவம், தோள், உதடு எல்லாம் சேர்ந்து சொல்லின. சோடாப் புட்டி மாதிரி ஏதோ ஒன்றைக் கையில் பிடித்தார், சாய்த்தார், ஒரு விரலால் எச்சரித்தார். அந்தப் பக்கம் குழுவில் ஒருவர் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கலியமூர்த்தியைப் பார்த்தேன். வீட்டில் சாப்பாடு, தண்ணீர், தூக்கம் என்று பேசிக்கொள்கிற அளவுக்கு மேல் அவருக்கும் புரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மகள் இவ்வளவு பேசுவாள் என்பதையே அன்றைக்குத்தான் பார்க்கிறவர் போல நின்றார்.

இரண்டு கேள்வி முடிந்தது. ஐந்தில் மூன்று ‘பதில் இல்லை’. மற்றவர்கள் எல்லோரும் ஐந்துக்கும் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலை அவருக்கு இல்லை என்பது திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒலியைத் திறந்தேன். “கருவி பிரமாதமா வேலை செய்யுது, குரல்ல குறையே இல்லை” என்று தலைவர் என்னைப் பாராட்டினார். “நன்றிங்க ஐயா” என்றேன். அந்த இடத்திலாவது வாயைத் திறந்து, தப்பு லைனில் இல்லை, நான் போட்ட வரிசையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நன்றிதான் வந்தது.

பெட்டியைக் கட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குச் செல்வகணபதி கூப்பிட்டும் போகாமல், பஸ் நிலையத்துக்கு நடந்தேன். தப்பித்து ஓடுகிறவன் நடை அது. ஆனால் காரைக்கால் சின்ன ஊர். பஸ் நிலையத்தில் நிழல் பார்த்து ஒதுங்கினால், அதே நிழலில் கலியமூர்த்தியும் அன்பரசியும் நிற்கிறார்கள்.

“வாங்க சார், கெளம்பிட்டீங்களா? சாப்டீங்களா?” என்றார் கலியமூர்த்தி. கோபம் துளியும் இல்லை. “லைன் பண்ணுன வேலைக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க. எங்க ஊருக்கு எல்லாம் கடைசியிலதான் வரும்.”

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அன்பரசி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனில் தட்டி என்னிடம் நீட்டினார். ‘லைன் பிரச்சினையா?’ என்று தமிழில் எழுதியிருந்தது.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து, மூடி, அவருடைய போனை வாங்கித் தட்டினேன். ‘இல்லை. நெருக்கடி வந்தால் குரல் முதலில் போகட்டும், படம் நிற்கட்டும் என்று நான்தான் அமைத்திருந்தேன். உங்களுக்குப் படம்தான் பேச்சு என்று யோசிக்கவில்லை. நேற்று நீங்கள் காட்டியதும் எனக்குப் புரியவில்லை. மன்னியுங்கள்.’ என் விரல்கள் அந்தச் சின்ன எழுத்துகளைத் தேடித் தேடித் தட்ட வெகுநேரம் ஆனது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

படித்தார். ‘மன்னித்தேன்’ என்றும் எழுதவில்லை, ‘மன்னிக்கவில்லை’ என்றும் எழுதவில்லை. வேறொன்று எழுதினார்.

‘அந்த மூணு கேள்வி என்ன? உங்களுக்குக் கேட்டிருக்கும்ல? சொல்லுங்க.’

கேட்டிருந்தது. தாள் புரளும் சத்தத்தோடு கேட்டிருந்தது. கலியமூர்த்தி காதிலும் விழுந்திருக்கும், ஆனால் அதை மகளிடம் சொல்ல அவருடைய கைப்பேச்சு போதாது. அந்த அறையில் அந்தக் கேள்விகளை முழுசாகப் பெற்று, எழுதிக் காட்டக்கூடியவன் நான்தான். ஒவ்வொன்றாகத் தட்டினேன். மாணவன் கையில் அமிலம் பட்டுவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? சோடியத்தை எதில் போட்டு வைப்பீர்கள்? லேபிள் உரிந்துபோன குப்பி ஒன்று அலமாரியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நின்றபடியே அவர் பதில் எழுதினார். அவசரப்படவில்லை, குழு முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே நிமிர்ந்து நின்று எழுதினார். எழுதி முடித்ததும் போனை என்னிடம் கொடுத்தார்.

‘1. ஓடுற தண்ணியில கையைக் காட்டச் சொல்வேன், ரொம்ப நேரம். துணியில பட்டிருந்தா அதை அவிழ்க்கணும். ஆசிரியரைக் கூப்பிடுவேன். 2. மண்ணெண்ணெயில. 3. மோந்து பார்க்க மாட்டேன். இதுவாத்தான் இருக்கும்னு நானா பேர் எழுத மாட்டேன். தனியா எடுத்து வச்சு, தெரியாதது-ன்னு எழுதி ஒட்டுவேன்.’

இரண்டு முறை படித்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தச் சோடியம் சமாசாரம் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இருந்தது. மற்றது எனக்குத் தெரியாது. ‘மூணும் ரொம்பச் சரியான பதில்’ என்று தட்டிக் காட்டினேன்.

அன்பரசி படித்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த போனிலேயே, கீழே, ஒரு வரி தட்டினார்.

‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’

வரிச்சிக்குடி பஸ் வந்து நின்றது. “வர்றோம் சார், பாத்துப் போங்க” என்றார் கலியமூர்த்தி. அன்பரசி போனை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் ஏறினார்.